கொடுமணல் எப்போதுமே வறண்ட காடுதானா?

ஜூலை 9

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலைப் பற்றி ஒரு வாசகர் கேட்டது: "கொடுமணல் அகழாய்வு நடந்த இடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். சுற்றிலும் வேலிக்காடும் சோளத்தட்டும்தான். நொய்யல் பக்கத்திலேயே ஓடுகிறது, ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு நெல் வயல் இல்லை. 2,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர் ஆற்றுப் பாசனத்தில் செழித்திருந்து, அதனால் வணிக ஊராகி, பிறகு ஆறு வற்றியதால் இப்படி ஆனதா?"

ஜூலை 9, இரவு

இல்லை. அங்கே அப்படியொரு வயல்வெளி இருந்ததற்கு நிலமே இடம் கொடுக்காது.

என் அம்மா பிறந்த ஊர் அதே ஆற்றின் அதே வடகரை. கொடுமணலுக்குக் கிழக்கே, ஒரத்துப்பாளையம் அணையைத் தாண்டி, சென்னிமலைப் பக்கம். பள்ளி விடுமுறை முழுவதும் அப்புச்சி, அம்மாயி (அம்மாவின் அப்பா, அம்மா) வீட்டில்தான். அந்த மண்ணை வெறுங்காலில் நடந்து அறிந்தவன். மேல்மண் முழ ஆழம்கூட இருக்காது, அதற்குக் கீழே சுக்காம்பாறை. ஆறோ பள்ளத்தில் ஓடும், நிலம் மேட்டில் கிடக்கும். ஆற்று நீர் தானாக ஏறி வந்து வயலில் பாய வழியே இல்லை.

எங்கள் பக்கம் நிலத்தை மூன்று பெயரால் பிரிப்பார்கள். வாய்க்கால் பாய்ந்தால் வயல். கிணறு இருந்தால் தோட்டம். வானம் பார்த்தது காடு. கொடுமணலைச் சுற்றி இருப்பதெல்லாம் தோட்டமும் காடும்தான். மேற்கு மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி, ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல ஆண்டு. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும்.

ஜூலை 10

"அப்படியானால் அங்கே ஏன் அவ்வளவு பெரிய ஊர்?" என்று அவரே திரும்பக் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. என் பதில்: கல்.

கொடுமணலில் நின்றுகொண்டு சுற்றிப் பாருங்கள். ஆற்றுக்குத் தெற்கே, காங்கேயம் சாலையில் படியூர், அங்கே பச்சைக்கல் (பெரில் என்பார்களே, அது). காங்கேயத்தை ஒட்டிச் சிவன்மலை, அங்கே நீலக்கல். வெங்கமேட்டில் படிகக்கல். கிழக்கே சென்னிமலைப் பக்கம் இரும்புத்தாது. எல்லாம் ஒரு நாள் வண்டி ஓட்டும் தூரம். மேற்கே பாலக்காட்டுக் கணவாய், கிழக்கே சேரரின் கரூர், நடுவில் நொய்யல் கரையோடு ஒரு பெருவழி. வெள்ளலூர், சூலூர், கொடுமணல் என்று போகும் பாதை. பக்கத்துக் கத்தாங்கண்ணியில் ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல் கிடைத்ததும் இந்தப் பாதையால்தான்.

ஊர் உட்கார்ந்த இடம் விவசாயத்துக்குப் பார்த்த இடம் அல்ல. கல் வருவதற்கும் அதில் செய்த மணி போவதற்கும் பார்த்த இடம்.

ஜூலை 10, பின்குறிப்பு

வெங்கமேடு என்ற பெயருக்கு வருகிறேன். எங்கள் ஊரில் வெள்ளைப் படிகக்கல்லை வெங்கச்சாங்கல் என்போம். இரவில் இரண்டை உரசினால் பொறி பறக்கும், எல்லாச் சிறுவர்களும் விளையாடியதுதான். வெங்கமேட்டுக்கு அந்தக் கல்லால்தான் பெயர் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கல்வெட்டுச் சான்று காட்டித்தான் பேச வேண்டும் என்பவர்கள் இதை ஒதுக்கிவிடலாம்.

ஜூலை 13

"கொடுமணலில் ஒரு சாடி நிறைய நெல் கிடைத்ததே, அப்புறம் எப்படி வயல் இல்லை என்கிறீர்கள்?" என்று ஒருவர். அது கொடுமணல் அல்ல, பழனிப் பக்கத்துப் பொருந்தல். அங்கே ஒரு ஈமச்சின்னத்தில் நான்கு கால் சாடியில் நெல் கிடைத்தது. இரண்டு இடத்திலும் கா. ராஜன் அகழாய்வு செய்ததால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கொடுமணலில் முதலில் பெரிய அளவில் தோண்டியது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், 1985 முதல், எ. சுப்பராயலு காலத்தில். அதன் பின் 2012, 2013இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்து ராஜன். கிடைத்தவற்றில் என்னைப் பிடித்து நிறுத்துவது புகழ்பெற்ற அந்த வெண்கலப் புலி அல்ல, பாதியில் விட்ட மணிகள். உடைத்த கல், செதுக்கிய கல், தேய்த்தது, துளை பாதி இறங்கி நின்றது என்று எல்லா நிலையிலும் கிடைத்திருக்கின்றன. யாரோ உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த இடம் அது. ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள். சூதுபவளம் நம் பக்கத்துக் கல்லே இல்லை, குஜராத்துப் பக்கத்திலிருந்து வர வேண்டும்.

பதிற்றுப்பத்தில் இரண்டு இடத்தில் "கொடுமணம்" வருகிறது, 67ஆம் பாட்டிலும் 74ஆம் பாட்டிலும். 74இல் அரிசில்கிழார் இந்த ஊரைச் சொன்ன உடனே சொல்வது வேலைப்பாடு மிக்க அருங்கலத்தை. மருதநிலத்து ஊராக இருந்திருந்தால் வயலும் வாளை மீனும் அல்லவா முதலில் வந்திருக்கும்?

ஜூலை 13, இரவு

வாளை மீன் வாதம் பலவீனமானது. அரசனைப் பாடும் பாட்டில் அணிகலன் வருவது இயல்பு, வயல் வராததை வைத்து எதையும் நிறுவ முடியாது. நிலத்தின் மேடு பள்ளம் ஒன்றே போதும், என் முதல் பதில் அப்படியே நிற்கட்டும். பாட்டை இழுத்தது என் ஆசை.

ஜூலை 19

காளிங்கராயன் வாய்க்கால் கொடுமணலுக்குத் தண்ணீர் தந்தது என்று ஒரு பதிவு. வரைபடத்தை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். காளிங்கராயன் பவானியில் தொடங்கி, ஈரோட்டைத் தொட்டு, காவிரியை ஒட்டியே வளைந்து வளைந்து தெற்கே வந்து, கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறையில் நொய்யலைச் சேர்கிறது. நொய்யல் காவிரியில் விழப்போகிற இடம் அது, கொடுமணலிலிருந்து வெகு கிழக்கு. மேலும் அது 13ஆம் நூற்றாண்டு வேலை. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கொடுமணல் பட்டறைகள் ஓய்ந்துவிட்டன.

இருக்கிற பெருமையே போதும், இல்லாத வாய்க்காலை வெட்ட வேண்டாம்.

ஜூலை 20

கீழ்பவானி வாய்க்காலைக் கேட்டவருக்கு: அது 1950களில் வந்தது. சென்னிமலைக்கு வடக்கே போகிறது. அதன் கசிவு நீர் ஓடைகளில் இறங்கி நொய்யலுக்கு வரும், எங்கள் ஊர்க் கிணறு இரண்டு மூன்று அந்தக் கசிவில் பிழைத்ததாக அப்புச்சி சொல்லுவார். ஆனால் கொடுமணல் அந்த ஆயக்கட்டில் இல்லை.

ஆகஸ்ட் 2

இந்த இழையை நேற்று முதலிலிருந்து படித்தேன். ஜூலை 9இல் நான் எழுதியதைப் பாதி திருத்த வேண்டும்.

ஆற்று நீர் மேட்டுக்கு ஏறாது என்றேன், அது உண்மை. அதைப் படிப்பவருக்கு ஆற்றால் பயனே இல்லை என்று தோன்றும், அது தவறு. நேற்று அம்மாவிடம் பேசினேன். "ஆத்துல தண்ணி போனா நம்ம கிணத்துல ஒரு ஆள் மட்டம் ஏறும்டா, உனக்கு ஞாபகம் இல்லையா?" என்றார். ஞாபகம் வந்துவிட்டது. ஆறு நிலத்துக்கு மேலே வரவில்லை, அடியில் வந்தது. பாறை இடுக்கு வழியாக, ஊற்றாக. ஆற்றோரத் தோட்டங்கள் எல்லாம் அப்படித்தான் வாழ்ந்தன.

அப்புச்சி காலத்தில் கவலை இறைத்தார்கள், காளை கட்டிக் கிணற்று நீரை இறைப்பது. கிணற்றடியில் சரிவு வெட்டி, இரண்டு காளை இறங்கும்போது நீர் மொண்ட சால் மேலே வரும். அவர் வடத்தின் மேல் உட்கார்ந்து ஓட்டுவார், ஆளைப் பார்க்காமலேயே அவர் பாட்டுச் சத்தத்தில் எத்தனையாவது சால் என்று அம்மாயி சொல்லிவிடுவார். ஒரு நாள் முழுக்க ஓட்டினால் பாய்வது கொஞ்ச நிலம்தான். ராகி, மிளகாய், ஒரு பாத்தி வெங்காயம். மீதி நிலமெல்லாம் ஆடிப்பட்டத்துச் சோளம், கம்பு, எள்ளு, கொள்ளு.

ஆகவே திருத்திய பதில் இது. இந்த ஊர்கள் நிலத்துக்கு அடியில் இருந்ததைக் கொண்டு வாழ்ந்தவை. முன்பு கல், பிறகு கிணறு. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அணை வந்த பிறகு நடந்தது இதைச் சொன்னால்தான் புரியும்.

ஆகஸ்ட் 3

பருத்தியை விட்டுவிட்டேன். கொடுமணலில் சுடுமண் தக்களிகள் கிடைத்தன, நடுவே இரும்புக் கம்பி செருகியவை. நூல் நூற்ற ஊர். இன்று சென்னிமலையில் போர்வை நெய்கிறார்கள், திருப்பூரில் பனியன் தைக்கிறார்கள். ஒரே ஆற்றின் கரையில் 2,000 ஆண்டுக்கு மேலாகத் துணி. நேரடியான தொடர்ச்சி என்று நான் வாதிடவில்லை, எனக்கு நினைக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11

மேய்ச்சல் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுவேன், ஏனென்றால் வாசகர் முதலில் சொன்ன "வேலிக்காடு" வறட்சியின் அடையாளம் அல்ல.

அது கொரங்காடு. நன்றாகத் திட்டமிட்டு உண்டாக்கிய மேய்ச்சல் நிலம். சுற்றிக் கிளுவை வேலி, ஒரு கடவு. உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். புல் காய்ந்தாலும் வேர் சாகாது, ஒரு மழையில் துளிர்த்துவிடும். கோடையில் புல் தீரும் நேரத்தில் வெள்வேலங்காய் உதிரும், மாடும் ஆடும் அதைப் பொறுக்கித் தின்று காலம் தள்ளும். மாட்டை உள்ளே விட்டுக் கடவைச் சாத்தினால் மேய்ப்பவன் வேண்டாம். பெய்கிற 600 மில்லிமீட்டரில் வாழ இதைவிட நல்ல வழியை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

காங்கேயம் மாடு இந்தக் காட்டின் பிள்ளை. கன்று பிறக்கும்போது செவலை நிறம், ஆறு மாதத்தில் நிறம் மாறி மயிலை ஆகும். சின்ன வயதில் ஒவ்வொரு விடுமுறைக்கும் போகும்போது "அந்தச் சிவப்புக் கன்னுக்குட்டி எங்கே?" என்று தேடுவேன். அம்மாயி சாம்பல் நிறக் கிடாரியைக் காட்டி "இதுதான் சாமி" என்பார். நான் நம்பியதில்லை.

சித்திரையில் கண்ணபுரம் சந்தை. அப்புச்சி காளை வாங்கப் போனால் மூன்று நாள் வீடு திரும்ப மாட்டார்.

ஆகஸ்ட் 12

"கொடுமணலில் பழைய கல்லறைகளைச் சுற்றி நிற்கும் அந்தக் கல்வட்டங்களுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" பாண்டியன் குழி. சிலர் பாண்டவர் குழி என்பார்கள். மாண்டவர் குழி என்பதே மருவியது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். காட்டை உழும்போது ஏர் அந்தக் கற்களைச் சுற்றித்தான் போகும், யாரும் அதைப் பெயர்த்ததில்லை. நல்ல மழை பெய்த மறுநாள் காலை சிறுவர்கள் மணி பொறுக்கப் போவார்கள். மண் கழுவிப்போய் சிவப்பாக, நீலமாக மின்னும். என் அத்தை மகள் ஒன்றைக் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள், அம்மாயி பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். செத்தவர்கள் பொருள் என்று. அது சரியான செயல் என்று இன்றும் நினைக்கிறேன்.

பானை ஓட்டில் பெயர் எழுதியவர்களும் அந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். கண்ணன் ஆதன், சம்பன் சுமணன், பண்ணன், விஸாகி. தமிழ்ப் பிராமியில் எழுத்துள்ள ஓடுகள் ஐந்நூறுக்கும் மேல். நான்கைந்து பேர் சுமந்து வந்த சொத்துக்குப் போட்ட அடையாளம் அல்ல அது, ஒரு ஊரே எழுதப் பழகியிருந்தது.

ஆகஸ்ட் 30

அணை. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரத்துப்பாளையம் அணை 1992இல் முடிந்தது. நொய்யல் வெள்ளத்தைத் தேக்கி ஈரோடு, கரூர் பக்கம் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்ச்சுவது திட்டம். ஊரே கொண்டாடியது. எங்கள் பக்கத்து மேட்டுக்காடு வயலாகப் போகிறது என்று நிலத்தின் விலைகூட ஏறியது.

அதே ஆண்டுகளில் மேலே திருப்பூர் வளர்ந்தது. பனியன் துணிக்குச் சாயம் பிடிக்க வைக்க உப்பு வேண்டும், கொஞ்சநஞ்சம் அல்ல, மூட்டை மூட்டையாக. துணியில் சாயம் நிற்கும், உப்பு நிற்காது. அலசிய நீரோடு அது அப்படியே ஆற்றுக்கு வந்தது. வெள்ளக் காலத்தில் ஓடும் நொய்யல் கோடையில் காய்ந்திருக்கும், ஆனால் இப்போது கோடையிலும் ஓடியது, சாயத்தண்ணீராக. நிறத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பேசினார்கள். நிறம் தெளிந்துவிடும், கொன்றது உப்பு.

அணை இல்லாதிருந்தால் அது ஓடிப் போய்க் காவிரியில் கலந்திருக்கும், அதுவும் கேடுதான். அணை அதைப் பிடித்து நிறுத்தியது. நின்ற நீர் என்ன செய்யும்? அம்மா சொன்ன அதே பாறை இடுக்கு வழியாக, அதே ஊற்றுக்கண் வழியாக, கிணறு கிணறாக இறங்கியது.

முதலில் மாடு சொன்னது. மாமன் வழக்கம்போலத் தொட்டி நிறைய இறைத்து விட்டார். மயிலைப் பசு மூக்கை வைத்தது, எடுத்தது, நகர்ந்து நின்றது. மாமன் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்துத் துப்பினார். அந்த வருடமே தென்னை ஓலை நுனி கருகியது. இரண்டாம் வருடம் குரும்பை நிற்கவில்லை. மூன்றாம் வருடம் முப்பது மரத்தையும் வெட்டினோம். பாய்ச்சப் பாய்ச்ச மண் இறுகிக் கட்டியாகிக் கொத்து இறங்காமல் போனது. கடைசியில் எந்த நீருக்காக அணை கேட்டார்களோ அதைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே நின்று மறிக்க வேண்டி வந்தது.

அந்தப் பக்கம் பஞ்சம் புதிதல்ல. அப்புச்சி தாது வருடப் பஞ்சத்தைப் பற்றித் தன் பாட்டனிடம் கேட்ட கதைகளைச் சொல்லுவார். அப்போதும் ஊர் காலியாகவில்லை, கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மழை பொய்த்தால் அடியில் இருப்பது காக்கும் என்பதுதான் அந்த ஊர்களின் கணக்கு. இந்த முறை கெட்டது அடியில் இருந்தது. தோட்டக்காரர்கள் பல பேர் திருப்பூருக்கே பனியன் வேலைக்குப் போனார்கள். என் பெரிய மாமன் மகனும் போனார்.

ஆகஸ்ட் 31

"திருப்பூரை மூடியிருக்க வேண்டும் என்கிறீர்களா?" இல்லை. அங்கே வேலை செய்பவர்களில் நிறையப் பேர் எங்களைப் போன்ற ஊர்க்காரர்கள். நான் சொல்வது ஒன்றுதான்: துணியின் விலையில் உப்பை மீட்கும் செலவும் முதலிலிருந்தே சேர்ந்திருக்க வேண்டும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவே வெளியேறாத முறை கட்டாயமாகக் காலூன்றியது. சவ்வூடுபரவல், ஆவியாக்கி என்று எல்லாம் வந்தது. செய்ய முடிகிற வேலைதான் என்று அப்போது தெரிந்தது. இருபது ஆண்டு முன்பே செய்திருக்கலாம்.

செப்டம்பர் 14

சின்ன விஷயம், ஆனால் கேட்டார்கள். ஏன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் ஒரு மாவட்டம்? எல்லாம் ஒரு காலத்தில் கோவை. 1979இல் ஈரோடு பிரிந்தது, 2009இல் திருப்பூர் பிறந்தபோது காங்கேயம் அதோடு போனது. கொடுமணல் ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை வட்டம். கல் கிடைத்த படியூரும் மணி செய்த கொடுமணலும் இன்று வேறு வேறு மாவட்டம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் முன்போலத்தான் நடக்கிறது.

படியூர் என்றதும் ஒன்று. 1819, 1820இல் ஓர் ஆங்கிலேயர் அங்கே பச்சைக்கல் வெட்டி 2,196 கற்கள் எடுத்ததாகப் பதிவு இருக்கிறது. கொடுமணல் பட்டறை ஓய்ந்து எத்தனையோ நூற்றாண்டுக்குப் பிறகும் மண் வைத்திருந்தது.

அக்டோபர் 20

முதலில் கேட்ட வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். அடுத்த முறை போகும்போது என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்.

அகழாய்வுக் குழிகள் மூடியிருக்கும், அதற்காகப் போகாதீர்கள். மழைக்குப் பிறகு காலையில் போங்கள். கல்வட்டங்களுக்கு நடுவே சோளம் முளைத்திருப்பதைப் பாருங்கள். மணி கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விடுங்கள். யாராவது தோட்டத்தில் இருந்தால் கிணற்றை எட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். கிணற்றுச் சுவரில் மண், சுக்காம்பாறை, கரும்பாறை, இடையே வெள்ளையாக ஓடும் வெங்கச்சாங்கல் பட்டை என்று எல்லாம் அடுக்காகத் தெரியும். நான் இங்கே நான்கு மாதமாக எழுதியதை அங்கே ஒரே பார்வையில் பார்க்கலாம்.

நவம்பர் 6

மாமன் போன் செய்தார். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்து, கிணறு மேல்படி வரை நிறைந்திருக்கிறது. தொட்டியில் இறைத்து விட்டாராம், கிடாரி மூக்கை வைத்து, எடுக்காமல் பாதித் தொட்டி குடித்ததாம்.

தென்னை வைக்கலாமா என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு மழைக்காலம் போகட்டும்" என்றார். இந்த வருடம் சோளம்தான் போட்டிருக்கிறார்.